பொரியையும் அவலையும் எரித்துப் பார்த்த நாள்

இன்று சாயங்காலம் நம் பவானிபூர் சந்தில் பொரிக்காரன் "முடி, முடி" என்று கூவிக்கொண்டு போனான். கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் கலந்த வாசனை ஜன்னல் வழியே வந்தது. கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்த புதிதில் இதே குரலைக் கேட்டு நீ திடுக்கிட்டாய். "ஏன்னா, தலைமுடியைக்கூடவா இந்த ஊர்ல கூடையில வெச்சு விக்கறா?" என்றாய். வங்காளியில் பொரிக்கு அதுதான் பெயர் என்றதும், புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் சிரித்தாய்.

விஷஜுரத்திலிருந்து நீ பிழைத்தெழுந்த வருஷம் அந்தப் பொரிதான் உனக்கு ஆகாரம். ஜுரம் விட்டும் உடம்பு தேறவில்லை. சோற்றைக் கண்டாலே உனக்குக் குமட்டியது. கீழ்க்குடியிலிருந்த வங்காளி அம்மாள், காக்கிமா என்று நீ கூப்பிடுவாயே, அவள் தினமும் பொரி கொண்டுவந்து கொடுப்பாள். கிண்ணம் கிண்ணமாகத் தின்றுவிட்டு, "நன்னாத்தானே சாப்பிடறேன்?" என்பாய். ஆனால் உன் வளையல் முழங்கைவரை ஏறியது. டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இப்படியே இளைத்துக்கொண்டு போனால் தம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

எனக்குக் கல்லூரி ரசாயனக் கூடத்தில் வேலை. உணவுப் பண்டத்தை உள்ளே வைத்து எரித்து, சுற்றியுள்ள நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்க்கும் எஃகுக் கலம் ஒன்று அங்கே புதிதாக வந்திருந்தது. அந்தச் சூட்டைத்தான் கலோரி என்று கணக்கிடுவோம். பொரியில் சத்தே இல்லையோ என்ற சந்தேகத்தில், நம் சமையலறையிலிருந்து பொரியும் அவலும் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன். எடைக்கு எடை நிறுத்து, தனித்தனியே எரித்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் தந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பொரி அவலுக்குக் குறைந்ததில்லை என்றால் நீ ஏன் இளைக்கிறாய்?

வீட்டுக்கு வந்து சொன்னதும் நீ படுத்தபடியே யோசித்தாய். "எடைக்கு எடைன்னா சரி. நான் எடை போட்டா சாப்பிடறேன்? கிண்ணத்துலன்னா சாப்பிடறேன்!" என்றாய்.

காக்கிமாவிடம் தராசு வாங்கி வந்தேன். ஒரு தட்டில் ஒரு கிண்ணம் அவல். மறு தட்டில் பொரியைக் கொட்டக் கொட்ட அது இறங்குவதாயில்லை. ஐந்தாறு கிண்ணம் போட்ட பிறகுதான் சமனாயிற்று. அதற்குள் பொரி தட்டு நிறைந்து பாயெல்லாம் சிதறியது. கிண்ணம் நிறைந்திருக்கிறது, வயிறும் நிறைந்தாற்போல் இருந்திருக்கிறது. உடம்புக்கு மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை. "அடடா, இத்தனை நாளா காத்தையா தின்னுண்டிருந்தேன்!" என்றாய்.

அன்றே அவலை ஊறவைத்து, பாலும் வெல்லமும் சேர்த்துக் குழைத்துக் கொண்டுவந்தேன். முதல் கரண்டியை நீட்டினேன். நீ வாயைத் திறக்காமல் என் முகத்தையே பார்த்தாய்.

"கன்னமெல்லாம் ஒட்டிப்போயிடுத்தே. நீங்க என்ன சாப்பிடறேள்?"

தயங்கித் தயங்கிச் சொன்னேன். நீ படுத்ததிலிருந்து எனக்காக மட்டும் அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. என் ராச்சாப்பாடும் அந்தப் பொரிதான்.

உன் கண் நிறைந்துவிட்டது. "இன்னொரு கிண்ணம் எடுத்துண்டு வாங்கோ. நீங்க ஒரு வாய் சாப்பிட்டா நான் ஒரு வாய் சாப்பிடறேன்."

அப்படித்தான் தேறினாய். என்னையும் தேற்றினாய். அதற்குப் பிறகு நமக்கு ஒரு பெண் பிறந்தாள், வளர்ந்தாள், ஹவுராவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். எல்லாவற்றையும் நீ இருந்து பார்த்தாய்.

நீ போன செய்தி கேட்டு அவள் ஓடிவந்தாள். காரியங்கள் முடிந்த பிறகும் இலை முன் உட்கார்ந்து அழுதாளே தவிர, சோற்றில் கைவைக்கவில்லை. எனக்கும் எதுவும் இறங்கும்போல் இல்லை. என்றாலும் அவள் எதிரே இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நான் ஒரு வாய் சாப்பிடறேன். நீ ஒரு வாய் சாப்பிடு, கண்ணம்மா."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அம்மாவும் எனக்கு இப்படித்தான்பா சொல்லுவா" என்றாள்.

சோறு ஆறிப்போயிருந்தது. இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.