நாற்பதடிக் குழாயில் காற்றுப் போக வழி கேட்டு

நெட்டையா, கோவிச்சுக்காதே. இந்தத் தாளை உனக்கு எழுதத்தான் எடுத்தேன். அதுக்குள்ள ஆபீசுக்கு மனு எழுத வேண்டியதாப் போச்சு.

அனுப்புநர்
துணி துவைத்துக் கொடுப்பவர்,
ஏழாம் எண் வீடு, கீழ்த்தளம்,
ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்
பராமரிப்பு அதிகாரி அவர்கள்,
குடியிருப்பு அலுவலகம்.

பொருள்: டிரையரின் நீளக் குழாயில் காற்றோட்டத்தைச் சரிசெய்து தரவும், டிரையரைக் கழற்றும் உத்தரவை நிறுத்தி வைக்கவும் வேண்டி.

மதிப்புக்குரிய ஐயா,

மேலே எழுதியிருப்பது இறந்துபோன என் கணவருக்கு. வேறு தாள் இல்லை, பொறுத்துக்கொள்ளவும்.

1. நானும் பக்கத்து எட்டாம் எண் வீட்டு ஓரகத்தியும், அதாவது என் கணவருடைய தம்பி மனைவியும், ஒரே நாளில் துணி உலர்த்தும் டிரையர் வாங்கினோம். அதன் சூட்டுக் காற்றை வெளியே விடும் குழாய்க்கு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து முன்சுவரில் ஒரே ஒரு துளை போடத்தான் அலுவலகம் அனுமதித்தது. என் கணவர் அதைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். "அவங்க வீட்ல கைக்குழந்தை இருக்கு, துணி ஜாஸ்தி. நமக்கென்ன, ரெண்டே பேரு" என்றார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் குழாய் நான்கடி, நேராகத் தெருவைப் பார்க்கும். என்னுடையது சமையலறை, குளியலறை, நடைவழி என்று கூரையெல்லாம் சுற்றி, நான்கு இடத்தில் வளைந்து, நாற்பதடி தாண்டிப் பின்சந்தில் இருந்த பழைய துளை வழியாக மூச்சு விடுகிறது. அந்தக் கைக்குழந்தை இப்போது சைக்கிள் ஓட்டுகிறது. குழாய் மட்டும் மாறவில்லை.

2. பதினோரு வருடம் அவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீளக் கம்பியில் பிரஷ் கட்டி உள்ளே விட்டு, துணியிலிருந்து உதிர்ந்து அடைந்த பஞ்சை எடுப்பார். நல்ல உயரம், ஏணி கூட வேண்டாம். ஐந்து மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு குழாயை யாரும் தொடவில்லை.

3. இதில் என் தவறும் உண்டு. ஓரகத்தியின் குழாய் வாயில் பறவை நுழையாமல் இருக்க என் கொழுந்தன் பளபளவென்று ஒரு கம்பி வலை மாட்டிக் கொடுத்தார். "பாத்தீங்களா அக்கா, கேக்காமலே செஞ்சு குடுத்திருக்காரு" என்றாள். எனக்குக் கேட்டாலும் செய்து கொடுக்க ஆள் இல்லை. மறுநாளே கொசுவலைத் துணியை நாலாக மடித்து என் குழாய் வாயில் இறுக்கிக் கட்டினேன். வந்த பஞ்செல்லாம் அதில் அடைத்துக்கொண்டது. ஒரு சுற்றில் காய்ந்தது மூன்று சுற்றிலும் காயவில்லை. டிரையர் கொதித்துத் தீய்ந்த வாடை வந்தது.

4. முடிதிருத்தும் கடைத் துண்டுகளைத் துவைத்துத்தான் நான் சாப்பிடுகிறேன். கடைக்காரர், "அக்கா, துண்டு நமத்துப்போய் வருது, வாடிக்கையாளர் மூஞ்சியச் சுளிக்கிறாங்க" என்றார். அத்தோடு நிற்கவில்லை. ஓரகத்தி துவைத்துத் தருவாளா என்று என்னிடமே கேட்டார்.

5. உங்கள் ஆய்வாளர் வந்து வலையைக் கழற்றினார். வளைவு கூடக் கூடக் குழாயும் நீண்ட மாதிரிதான், மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாயில் பஞ்சு தங்கும் என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் பத்து நாளில் டிரையரைக் கழற்றிவிட்டு ஓரகத்தியின் டிரையரில் முறை போட்டுக்கொள்ளும்படி உத்தரவு வந்திருக்கிறது. அவளும் மறுக்கவில்லை. "எங்களுது காஞ்சதும் நீங்க போட்டுக்குங்க அக்கா, என்ன இப்போ" என்கிறாள்.

6. ஐயா, அவளுடைய டிரையரில் முதலில் சுற்றுவது கொழுந்தன் சட்டை. அவள் அதைச் சூடாக எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் என் துணியைப் போட வேண்டும். என் கூடையில் கடைத் துண்டுகள்தான் இருக்கின்றன, ஆண் சட்டை ஒன்றுகூட இல்லை. போன வாரம் கொழுந்தன் என் குழாயைப் பார்க்க ஏணி போட்டு ஏறினார். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து இறங்குங்க, பாத்து" என்றாள். போதும், இறங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இதைப் பொறாமை என்பீர்கள். ஆமாம், பொறாமைதான். அதற்காக மனுவைத் தள்ளிவிடாதீர்கள்.

7. நான் கேட்பது இவ்வளவுதான். மடிப்புக் குழாயை எடுத்துவிட்டு உள்பக்கம் வழவழப்பான தகரக் குழாய் போட வேண்டும். மூட்டில் திருகாணி வேண்டாம், அதன் முனையில் பஞ்சு மாட்டும். தகர டேப் போதும். நடைவழிக் கூரையோடு நேராகக் கொண்டுபோனால் இரண்டு வளைவு குறையும். அப்படியும் காற்றுப் போதாவிட்டால் நடுவில் காற்றை இழுத்துத் தள்ளும் விசிறி ஒன்று வைக்கலாம். வெளிவாயில் வலை வேண்டாம், காற்று வந்தால் திறந்து, காற்று நின்றால் மூடிக்கொள்ளும் தகடு போதும். முக்கியமாக, என் கைக்கு எட்டும் இடத்தில் திறந்து மூட ஒரு வாய் வையுங்கள். ஸ்டூலில் ஏறி நானே சுத்தம் செய்துகொள்வேன். யாரும் எனக்காக ஏணி ஏற வேண்டாம்.

கெடு முடியும் முன் ஆள் அனுப்பிப் பார்த்து, என் டிரையர் என் வீட்டிலேயே ஓட வழிசெய்யுங்கள் ஐயா.

நாள்: பதினேழாம் தேதி, செவ்வாய்
இடம்: ஊழியர் குடியிருப்பு

இப்படிக்கு,
ஏழாம் எண் வீட்டுக்காரி
(கையெழுத்து)

ஐயா, உங்களுக்கு எழுதியது இத்துடன் முடிந்தது. மிச்சம் அவருக்கு.

அந்த முன்சுவர்த் துளையை அவளுக்குத் தூக்கிக் குடுத்தியே, நமக்கென்ன ரெண்டே பேருன்னு சொன்னியே, அந்த ரெண்டுல ஒண்ணு போனா மிச்சம் நிக்கிறவ என்ன பண்ணுவான்னு ஒரு தடவையாவது நெனச்சியா?