பகைவனிடம் கேட்டு எழுதிய பக்கம்

நாள் 2,204 – 09:00
நிலவின் தென்துருவக் காப்பகம். பொறுப்பாளர் எப்சிபா ஞானதிரவியம். தனியாள். உள்வெப்பம் 19 பாகை. ஈரப்பதம் சரி. பிராணவாயு இருவருக்கு ஏழு மாதம் வரும்.

ஓலையில் எழுதிய சுவிசேஷக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். பூச்சி இல்லை. தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டில் எஞ்சியிருக்கும் பதினோரு தாள்களையும் திருப்பி வைத்தேன். நேற்று மதியத்துக்கு மேல் உலோகத் தகட்டில் வேதம் பொறிக்கும் வேலை. 188ஆம் தகடு முடிந்தது.

குறை அப்படியே இருக்கிறது. மலைப்பிரசங்கத்தில் பகைவரைப் பற்றிய ஆறு வசனங்கள். எங்களிடமுள்ள எந்தப் பிரதியிலும் அந்தப் பகுதி முழுதாக இல்லை. 189ஆம் தகட்டை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

நாள் 2,204 – 16:40
இதைக் கண்டெடுப்பவருக்குக் காரணம் தெரிய வேண்டும்.

செவ்வாயோடு போர் மூண்டபோது நிலவு நகரங்களின் பாதுகாப்பு மன்றம் வேதத்தைத் 'திருத்தியது'. பகைவனை நேசி என்று படிக்கிறவன் போருக்குப் போக மாட்டான் என்றார்கள். அந்த ஆறு வசனங்களையும் வெட்டிப் புதிய பதிப்பு போட்டார்கள். பழைய பிரதிகளை வீடு வீடாகப் பறித்தார்கள். பேரரசர்கள் எரித்தும் பிழைத்த நூல், கப்பலில் நனைந்தும் கரையான் அரித்தும் பிழைத்த நூல். ஒரே வருடத்தில் எங்கள் கையை விட்டுப் போனது.

அப்போது எனக்கு ஆறு வயது. அண்ணன் யாபேஸுக்கு இருபத்திரண்டு. ஒரு முழுப் பிரதியைக் கையால் எழுதி வைத்திருந்தான். அதற்காக அவனைக் காற்றறைக் கதவுக்கு வெளியே, கவச உடையில்லாமல் தள்ளினார்கள். அம்மாவையும் என்னையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்திப் பார்க்க வைத்தார்கள். தீர்ப்பை வாசித்தவன் தலைமைத் தணிக்கையாளன். தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக வாசித்தான்.

நாற்பத்துநான்கு வருடம் ஆகிறது. அந்தச் செருமல் இன்னும் காதில் இருக்கிறது.

நாள் 2,206 – 11:15
தரை அதிர்வு. வடக்கே 400 மீட்டரில் சிறு கலம் ஒன்று மோதி இறங்கியிருக்கிறது. காப்பகத்துக்குச் சேதம் இல்லை.

நாள் 2,206 – 11:52
வானொலிப் பதிவு.

"உள்ள யாராவது இருக்கீங்களா? எறங்கும்போது கலம் ஒடஞ்சிட்டு. வாசல்லதான் நிக்கேன். கதவத் தொறங்க."

"பேரச் சொல்லுங்க."

சொன்னான். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அதற்கு முன் தொண்டையைச் செருமினான்.

கதவின் பூட்டைக் கையாலேயே முறுக்கி இறுக்கினேன். அவன் உடையில் காற்று 150 நிமிடம்.

நாள் 2,206 – 12:05
"யாபேஸ் ஞானதிரவியம்னு ஒருத்தர ஞாபகம் இருக்கா?"



"எத்தனையோ பேரு தாயி. எல்லாத்தையும் எப்படி ஞாபகம் வச்சுக்கிட முடியும்?"

"அந்த ஆறு வசனம்?"

"அது இருக்கு. வெட்டுனவனே நான்தான. வெட்டுன நாள்லேருந்து மறக்க முடியல."

"சொல்லுங்க. சொல்லி முடிச்சா தொறக்கேன்."

நாள் 2,206 – 13:30
சொன்னான். சொல் சொல்லாக எழுதிக்கொண்டேன். மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். அந்தப் பகுதி இருந்த ஒரு கிழிந்த தாளின் விளிம்பில் நான்கு சொற்கள் எஞ்சியிருந்தன. நான்கும் அவன் சொன்ன வரிசையில் அப்படியே பொருந்துகின்றன.

பொய் சொல்லவில்லை. இத்தனை வருடம் கருத்து மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். இப்போது வார்த்தைகள் என் கையில்.

நாள் 2,206 – 13:41
"சொல்லிட்டம்லா. தொற தாயி. இன்னும் நாப்பது நிமிஷந்தான்."

நான் பூட்டைத் தொடவில்லை.

"பறிச்ச பிரதி எதையும் நான் எரிக்கல. எரிச்சாச்சுன்னு அறிக்கை குடுத்துட்டு ஒளிச்சு வச்சேன். நானூறு இருக்கும். எடம் எனக்கு மட்டுந்தான் தெரியும். உள்ள விடு, சொல்லுதேன்."

"உயிருக்குப் பயந்தா யாரும் எதையும் சொல்லுவாங்க."

"இப்பதான அந்த வசனத்தச் சொன்னேன். ஒன் கையாலதான எழுதுன. அதுக்காவது..."

"எழுதுததுக்குத்தான் கேட்டேன்."

வானொலியை அணைத்தேன்.

நாள் 2,206 – 14:22
அவன் உடையின் அளவுமானி காப்பகத் திரையில் தெரியும். 9 நிமிடம். 4. 0.

உள்ளே இருவருக்குக் காற்று இருந்தது. கதவு பழுதில்லை. என் வாக்கை நான் மீறினேன். யாரும் எனக்காகச் சாக்குச் சொல்ல வேண்டாம்.

நாள் 2,207 – 07:30
நேற்று மாலை 189ஆம் தகட்டைப் பொறித்தேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை. இரவு நன்றாகத் தூங்கினேன் என்று எழுத ஆசைதான்.

நாள் 2,209 – 10:08
எங்கள் ஆட்களின் மீட்புக் கலத்திலிருந்து செய்தி. விமானி சலேத்.

"எக்கா, மன்றம் கவுந்துட்டு. அந்தத் தணிக்கைக்காரரு நம்மகிட்ட சரணடையத்தான் கெளம்பி வந்திருக்காரு. பழைய பிரதியெல்லாம் எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கேன், உங்ககிட்டதான் ஒப்படைப்பேன்னு எழுதி அனுப்பியிருந்தாராம். அந்த ஆளு வந்தா பத்திரமா வச்சிருங்க. அவரத் தவிர ஒருத்தருக்கும் எடம் தெரியாது. நாங்க அஞ்சு நாள்ல வந்துருவோம். கேக்குதா எக்கா?"

கேட்கிறது.

நாள் 2,209 – 10:50
நானூறு பிரதி. அண்ணன் எழுதியதும் அதில் இருக்கலாம். அவன் 'ர' எழுதும்போது கடைசிக் கோடு நீண்டுவிடும். அம்மா அதற்குத் திட்டுவாள்.

நான் என்ன செய்தேன்.

இல்லை. சரியாகத்தான் செய்தேன். அண்ணன் பெயர்கூட ஞாபகமில்லை என்றானே.

நாள் 2,209 – 13:00
சாப்பிடவில்லை. உடை அணிந்துகொண்டேன். வெளியே போகிறேன்.

நாள் 2,209 – 13:47
கதவோரம் மண்டியிட்டபடி கிடக்கிறான். தலைக்கவசக் கண்ணாடிக்குள் உறைபனி. வலது கை தூசியில் நீண்டிருக்கிறது.

விரலால் எழுதியிருக்கிறான். வானொலியை நான் அணைத்த பிறகு எழுதியிருக்க வேண்டும். திறக்க மாட்டேன் என்று தெரிந்த பிறகு. எழுத்து கோணலாக இருக்கிறது, ஆனால் தெளிவாக வாசிக்க முடிகிறது.

மேற்கு நகர், பழைய தண்ணீர்ச் சுரங்கம், ஒன்பதாம் கிளை, இரும்புப் பெட்டிகள்.

கீழே அவன் பெயர்.

நாள் 2,209 – 16:30
இடத்தைச் சலேத்துக்கு அனுப்பிவிட்டேன். யார் சொன்னது என்று கேட்டாள். நான் சொல்லவில்லை.

மறுபடி வெளியே போனேன். வெகுநேரம் நின்றேன். அவன் சொன்ன ஆறு வசனமும் எனக்கு இப்போது மனப்பாடம். வாய்விட்டு ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன்.

பிறகு அந்தப் பெயரைக் காலால் அழித்தேன்.