நீ திட்டாமல் விட்ட பிழை

என் சண்டைக்காரனுக்கு,

நாம் சேர்ந்து எழுதி எல்லோருக்கும் இலவசமாகத் தரும் மென்பொருளில், என் ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கு நிற்பாயே! "இது சரியாகாது, கேட்டியா? மாத்தி எழுது" என்று ஊரறியத் திட்டுவாய்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ரீவராகத்தில் உள்ள வீட்டுக்கு வந்தபின், எதை எழுதி அனுப்பினாலும் "அருமை" என்கிறாய். முடி கொட்டியபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

நேற்று அனுப்பியதில் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கும் "அருமை"!

நாளை அது எல்லோருக்கும் போய்விடும். அதற்குள் திருப்பி அனுப்பு. பழையபடி, எல்லோரும் பார்க்கத் திட்டு. ஊருக்குக் கிளம்புகிறவளோடுதான் யாரும் சண்டை போடமாட்டார்கள். நான் எங்கும் போகவில்லை.

இங்கேயே இருக்கும்,
உன் பிடிவாதக்காரி