கையால் எழுதிய அத்தியாயம்

12-7-1991, வெள்ளி

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்க ஐந்து நாவல்களைச் சிபாரிசு செய்து திங்களன்று பட்டியல் கொடுக்கவேண்டும். முதலில் எழுதியது எனக்கு மிகவும் பிடித்த ஒரு பழைய தொடர்கதையை.

இன்று அந்த வகுப்பில் படிக்கும் வடக்குப்பட்டு செல்வி அதையே கொண்டுவந்து காட்டினாள். அவள் அம்மா வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது. நடுவில் ஒரு வாரம் மட்டும் நோட்டுத் தாளில், கையெழுத்தில் இருந்தது.

"அந்த வாரம்தான் நான் பொறந்தேன் டீச்சர். அம்மா ஆஸ்பத்திரில இருந்திச்சி. அப்பால பக்கத்து வூட்ல கதைய கேட்டுகினு வந்து எழுதி வெச்சிது."

படித்தேன். அவள் அம்மா எழுதியதில் கதாநாயகியின் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு, அது பால் குடிக்கிறது. அச்சில் வந்ததில் அந்தக் குழந்தை பிழைக்கவில்லை.

"அடுத்த வாரத்துலேந்து அந்தக் கொழந்த வரவே இல்ல. அம்மாக்காரி மட்டும் அழுதுகினே கீறா. இன்னா ஆச்சி டீச்சர்?"

"மாமா வீட்ல விட்டுட்டு வந்திருப்பா. அதான் அழறா."

"எங்கம்மாவும் அப்டிதான் சொல்லிச்சி" என்று சிரித்தாள்.

பட்டியலில் முதல் பெயரை இப்போதுதான் அடித்து நீக்கினேன். பள்ளி நூலகத்தில் அதன் அச்சுப் பிரதி ஒன்று இருக்கிறது. திங்கள் காலையே என் பெயரில் எடுத்துவிட வேண்டும். செல்வி பள்ளியை முடிக்கும்வரை அது என்னிடமே இருக்கட்டும்.