ரெண்டு சாட்சி, ஒரு மார்ட்டென்

ஜனவரி 13, 2025
போகி. பை கட்டியாகிவிட்டது. நாளை வால்பாறை, மார்ட்டென் பார்க்க. கீரி மாதிரி உடம்பு, நீள வால், தொண்டை மட்டும் மஞ்சள். ஆளைக் கண்டால் மறைந்துவிடும். ஒன்பது வருஷம், ஒன்பது பயணம். எங்கள் வீட்டுக்காரருக்கு யானை, செந்நாய், கரடி எல்லாம் ஆயிற்று. இது ஒன்றுதான் ஆட்டம் காட்டுகிறது. பட்டுக்கடையில் புடவை விற்கிற மனுஷன், கிடைக்கிற லீவு முழுக்கக் காட்டுக்கே.

மாமியார் வாசலில் நின்று சொன்னார்: “ஊர்ல அவங்கவங்க பொங்கலுக்கு சொந்தக்காரங்கள பாக்கப் போறாங்கோ. இதுங்க கீரிய பாக்கப் போவுதுங்க.”

ஜனவரி 16
காணும் பொங்கல். எதையும் காணவில்லை.

ஜனவரி 17
காலை ஏழு பத்து. தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடம். “அதோ போவுது! பாத்தியா சுகா?” என்று இவர் என் கையைப் பிடித்தார். நான் பார்த்தது, ஆடிக்கொண்டிருந்த ஒரு கிளை.

“பாத்தேன்” என்றேன்.

ஏன் சொன்னேன்? அந்த முகத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார். கேமராவின் மூடியைக்கூடக் கழற்றவில்லை.

ஜனவரி 19
எங்களைப் போல விலங்கு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. யார் எதைப் பார்த்தார்கள் என்ற பட்டியல் கிறிஸ்டோபர் கையில். படம் இல்லையென்றால் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும், அதுதான் சட்டம். புருஷன் பெண்டாட்டி என்றாலும் இரண்டு பேர்தான். போனில் என்னையும் கேட்டார். சொன்னேன். ஏற்றிவிட்டார். சங்கத்தில் மார்ட்டென் பார்த்த முதல் ஆட்கள் நாங்கள்தானாம்.

பிப்ரவரி 2
செங்கல்பட்டில் சங்கக் கூட்டம். இருவருக்கும் சேர்த்து ஒரே பொன்னாடை. ஒருவர் எழுந்து, தொண்டை என்ன மஞ்சள் என்று கேட்டார். நான் “எலுமிச்சை” என்றேன். அதே நேரத்தில் இவர் “மாம்பழம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உடனே இவர், “ஆமாமா, எலுமிச்சைதான்” என்று மாற்றிக்கொண்டார். இருபது வருஷமாகப் புடவை பிரித்துப் போடுகிறவர், நிறத்தில் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பிப்ரவரி 8
அடுத்த வாரம் சங்கத்தில் ஒன்பது பேர் வேன் பிடித்து அதே இடத்துக்குப் போகிறார்களாம். முட்டி ஆபரேஷன் செய்த கிருஷ்ணவேணியம்மாவும். ஐயோ, என்ன செய்து வைத்திருக்கிறேன்!

பிப்ரவரி 9
சொல்லிவிட்டேன். இவர் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“நான் பாக்கலங்க.”

“எத?”

“மார்ட்டென. பொய் சொன்னேன்.”

கத்துவார் என்று நினைத்தேன். சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: “நான் வால்தாம்மா பாத்தேன். மலை அணிலோன்னு டவுட்டு இருந்துது. நீ பாத்தேன்னு சொன்னியா, அப்ப அதான்னு நம்பிட்டேன்.”

அடப்பாவி மனுஷா! நான் அவரை நம்பி, அவர் என்னை நம்பி, எங்கள் இரண்டு பேரை நம்பி ஒரு வேன். அவர் இட்லியைத் தொடாமல் எழுந்துபோனார். மனசு தாங்கவில்லை. ஒன்பது வருஷ ஆசை, நான்தான் உடைத்தேன்.

பிப்ரவரி 10
அவரே கிறிஸ்டோபருக்குப் போன் செய்தார். “ரெண்டு பேரும் பாக்கலபா. எடுத்துடு.” வேன் ரத்து. என்னோடு பேச்சில்லை.

பிப்ரவரி 14
சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். அதற்கும் பேசவில்லை.

மார்ச் 2
காலையில் அவராகவே, “தென்னேரில நரி இருக்குதாம். வர்றியா?” என்றார். செருப்பைத் தேடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை நான்.

ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நின்றோம். புதரிலிருந்து நரி வந்தது, தண்ணீர் குடித்தது, என்னைப் பார்த்தது, போய்விட்டது. அவர் வேறு பக்கம் பைனாகுலரைத் திருப்பியிருந்தார்.

“பாத்தீங்களா?”

திரும்பினார். என் முகத்தில் என்ன இருந்ததோ, கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“இல்லமா. நான் பாக்கல.”

இரண்டாவது சாட்சி இல்லை. பட்டியலில் ஏறாது. வழியெல்லாம் காது எப்படி, வால் எப்படி என்று கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியவில்லை என்றேன்.

நரி, ஒன்று. நான் மட்டும் பார்த்தேன்.