கடைத்துறை வெறுங்குடம் குறித்து அணைநாயகத்துக்கு விடுத்த ஓலை

மழை பொய்க்காத மலைகளும் புனல் வற்றாத துறைகளும் உடைய தாழையாற்று நாட்டின் காவலையும், பன்னிரு துறையாரின் முறையீட்டைக் கேட்கும் கடமையையும், இரட்டைப்பாறை அணையின் உரிமையையும் முன்னோர் வழியே ஏந்தி நிற்கும் முகிலாண்ட பெருந்தேவி, மேற்படி அணையின் நாயகமும் சக்கரக் குழுவின் தலைவருமான கொற்றன் பெருஞ்சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை.

உமக்கும், உம் இல்லத்தாருக்கும், உம் அணையின் மதகுகளைக் காக்கும் பணியாளர் அனைவருக்கும் நலமும் நெடுவாழ்வும் உண்டாகுக. மேலே 'புனல் வற்றாத துறைகள்' என்று இருப்பதைக் கண்டிருப்பீர். அது எழுத்தர் வழக்கப்படி எழுதியது. அதை அடிக்கச் சொன்னோம். அரச ஓலையில் அடித்தல் அழகன்று என்று அவர் தயங்கினார். ஆகவே அது அப்படியே நிற்கட்டும். அதைப் படித்து வெட்கப்படும் பொறுப்பு உம்முடையது.

சென்ற திங்கள் உம்மிடமிருந்து ஓலை வந்தது. அதில் சக்கரங்கள் நலம், துருத்திகள் நலம், உலைகள் நலம், ஏரி ததும்பி நலம் என்று எழுதியிருந்தீர். அணைக்குக் கீழே வாழும் ஒருவரின் நலமும் அதில் இல்லை. அதன்பின் காரியத்துக்கு வந்தீர். நம் பாட்டனார் சக்கரக் குழுவுக்கு அளித்த நாற்பது ஆண்டுப் பட்டயம் வருகிற சித்திரை நிறைமதியோடு முடிகிறது என்றும், இன்னும் நாற்பது ஆண்டுக்கு ஆற்றைத் தேக்கி அதன் விசையில் சக்கரம் சுழற்றப் புதுப்பட்டயம் வேண்டும் என்றும், அதற்கு முன் குடிமக்கள் கருத்தைக் கேட்கும் முறைப்படி முரசறைந்து பன்னிரு துறையாரையும் அழைத்ததாகவும், ஏரிக்கரையின் ஏழு துறையாரும் மனமொத்து இசைந்ததாகவும் எழுதினீர். கீழாற்றின் ஐந்து துறையாரைப் பற்றி ஒரே வரி: 'வந்தனர், கருத்து உரைக்கவில்லை.'

நம் முதலமைச்சர் அந்த வரியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். அவர் கீழாற்றில் பிறந்தவர். தம் ஊரில் மணப்பந்தலில்கூட ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்ததைத் தாம் கண்டதில்லை என்றும், அத்தகையோர் ஐந்து ஊரிலிருந்து வந்து வாய்மூடி அமர்ந்திருந்தனர் என்றால் அதை விசாரிக்காமல் முத்திரை இடலாகாது என்றும் உரைத்தார். விசாரித்தோம். விசாரித்ததை உம் அவையில் எல்லோரும் கேட்கும்படி இங்கே எழுதுகிறோம்.

முதலில் முறையைச் சொல்வோம். இரட்டைப்பாறைகளுக்கு நடுவே முதற்கல் வைத்த நாளில் நம் முன்னோர் ஒரு விதி செய்தனர். பட்டயம் புதுப்பிக்கும் அவையில் பேச வரும் துறையார் ஒவ்வொருவரும் தம் துறையில் மொண்ட தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து, அவை நடுவே உள்ள கல்தொட்டியில் ஊற்றிவிட்டுப் பேச வேண்டும். ஆற்றைக் குடிப்பவரே ஆற்றைப் பற்றிப் பேசட்டும், கூலிக்குப் பேச வந்தவர் விலகட்டும் என்பதே அவர்கள் கருத்து. குடத்தை ஊற்றியவரின் பேச்சை அரசரும் இடைமறிக்கலாகாது. நல்ல விதிதான். ஆனால் அதைச் செய்தவர்கள், பின்னொரு காலத்தில் அணைக்குக் கீழே மொள்ளுவதற்கே தண்ணீர் இராது என்று கனவிலும் எண்ணவில்லை.

இப்போது உம் அவையில் நடந்ததைக் கேளும். ஏழு துறையார் ஏரியில் மொண்ட குடங்களை ஊற்றினர், பேசினர், அமர்ந்தனர். அடுத்துக் கீழாற்றார் ஐவர் எழுந்தனர். நால்வரின் குடத்தில் ஒரு சொட்டும் இல்லை. அவர்கள் குடத்தைக் கவிழ்த்துக் காட்டி, இதுவே எங்கள் துறையின் தண்ணீர் என்றனர். விதி தண்ணீரைக் கேட்கிறதேயன்றிக் குடத்தைக் கேட்கவில்லை என்று சொல்லி, அவர்களை ஓரமாக நிற்கச் சொன்னீர். ஐந்தாமவர் புன்னைத்துறையார். ஆற்று மணலை ஆள் ஆழத்துக்குத் தோண்டி, ஊறிய கலங்கலைச் சிரட்டையால் அள்ளி, அரைக்குடம் சேர்த்துக் கொண்டுவந்தவர். அரைக்குடம் ஊற்றியவருக்குப் பாதிப் பேச்சே உரிமை என்று கூறி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உட்கார வைத்தீர். பெருஞ்சாத்தனாரே, இதை யோசித்துத்தான் செய்தீரா? அவையில் சிலர் சிரித்தனர் என்று கேள்விப்பட்டோம். சிரித்தவர்களின் பெயரை நாம் கேட்கவில்லை. கேட்டால் நமக்குக் கோபம் இன்னும் ஏறும். பிறகு ஐவருக்கும் நீர்மோர் கொடுத்து வழியனுப்பினீர். மோர் கொடுத்ததை மட்டும் மறவாமல் உம் ஓலையில் எழுதியிருக்கிறீர்.

ஓரமாக நிறுத்தப்பட்ட நால்வருள் ஒருவர் காரி நங்கை. ஆறு கடலைச் சேரும் இடத்தில் வலை வீசிப் பிழைக்கும் கடைத்துறைக்கு அவரே தலைவி. உம் அவையிலிருந்து ஊர் திரும்பாமல், அதே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே நம் கோட்டை வாயிலுக்கு வந்தார். வெயிலில் வெறுங்குடத்தோடு நின்றவரைக் கண்ட வாயிற்காவலர், பாவம் தண்ணீருக்கு வந்தவர் என்று எண்ணி, குடத்தை வாங்கி நம் கிணற்றில் நிரப்பிக் கொடுத்துவிட்டார். காரி நங்கை அந்த நிறைகுடத்தோடு நம் முன் அழைத்துவரப்பட்டார். வந்தவர் வணங்கினார், வணங்கி நிமிர்ந்ததும், நம் கண்ணெதிரே அதை அரண்மனைப் படியில் கவிழ்த்துக் கொட்டினார். காவலர் வாளில் கை வைத்தனர், நாம் தடுத்தோம். நா வறண்டு நின்றவர் தண்ணீரைக் கொட்டிக் கண்டதில்லையாதலால், ஏன் இவ்வாறு செய்தீர் என்று வினவினோம். அவர் விடையை எழுத்தர் அவைத்தமிழில் திருத்தி எழுத முற்பட்டார். திருத்த வேண்டாம், அவர் வாயில் வந்தபடியே எழுதும் என்றோம். அது இது:

"தாயே, இது ஒங்க கெணத்துத் தண்ணி. இத ஊத்திட்டுப் பேசுனா நான் ஒங்க ஊர்க்காரியாப் பேசுனதால்ல ஆகும்? எங்க தொறையில தண்ணி இல்லன்னு சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன். ஒங்க தண்ணியக் காட்டிக்கிட்டு அத எப்பிடிச் சொல்லுவேன்?"

முன்னோர் செய்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நீர் அவர் வாயை அடைத்தீர். அவரோ நம் படியில் நின்று, தாகத்தோடு, அதே விதியைக் காத்தார். அவருக்கு வேறு குவளையில் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் செய்தோம். அதை மறுக்காமல் குடித்தார். பேசுவதற்கு வேறு, குடிப்பதற்கு வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் முறையீடு இது. உம் சக்கரங்களில் விழும் தண்ணீர் மீண்டும் ஆற்றுக்கு வருவதில்லை. மலையைக் குடைந்த கால்வாய் வழியே உலைப்பட்டினத்துக்குப் போய், அப்பாலுள்ள பள்ளத்தாக்கில் வடிகிறது. மேலிருந்து ஆறு தள்ளாததால் கடல் உள்ளே ஏறிவிட்டது. கடைத்துறையின் கிணறுகள் உப்புக் கரிக்கின்றன. குஞ்சு பொரிக்க ஆறேறி வந்த மீன்கள் முகத்துவாரத்தோடு திரும்பிவிடுகின்றன. தண்ணீர் இல்லாத ஊருக்குப் பெண் கொடுப்பாரில்லை. ஊரில் மணமாகாத ஆண்கள் முப்பதைத் தாண்டி நிற்கின்றனர். பட்டயம் இப்படியே புதுப்பிக்கப்பட்டால் ஆடிக்குள் ஊரைக் காலி செய்வது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. காரி நங்கையின் இரு மக்களும் வலைகளை விற்றுவிட்டனர். அணையை இடிக்க அவர் வேண்டவில்லை. பட்டயத்தில் ஒரு வரி வேண்டும் என்கிறார்: சக்கரம் சுழன்றாலும் நின்றாலும், ஆண்டு முழுவதும் கடைத்துறைவரை ஆறு ஓட வேண்டும். இந்த ஒரு வரிக்காக வந்தவரைத்தான் ஓரமாக நிற்க வைத்தீர்.

அணையின் பயனை நாம் அறியாதவர் அல்லேம். இந்நாட்டின் கொழுவும் கோடரியும் உம் சக்கரம் ஊதும் துருத்தியில் சிவந்தவை. நம் நந்தவனத்து நீரூற்று உம் சக்கரத்தால்தான் எழுகிறது; அதை அயல்நாட்டுத் தூதருக்குக் காட்டி நாமும் பெருமை பேசியிருக்கிறோம். சக்கரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இது ஒரு குழுவின் சக்கரத்துக்கென்று பிறந்த ஆறு அன்று. அதை உமக்கு இரவல் கொடுத்திருக்கிறோம். இரவல் வாங்கியவர் தவணை முடியும் நாளில் உடையவரைக் கூப்பிட்டு, உமக்குப் பேச உரிமை இல்லை என்று சொல்வது எந்த நாட்டு நியாயம்? நெஞ்சு கொதிக்கிறது, பெருஞ்சாத்தனாரே. முன்னிருந்த அரசர்கள் ஓலையில் இவ்வாறு எழுதமாட்டார்கள். நாம் எழுதுகிறோம்.

நம் அவையில் இருவகை யோசனை எழுந்தது. கீழாற்றாருக்கு ஏரியிலிருந்து ஐந்து குடம் தண்ணீர் கொடுத்துப் பேசவிடலாம் என்றார் ஒருவர். காரி நங்கை அவரைத் திரும்பிப் பார்த்தார்; அவர் தம் யோசனையைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். வெறுங்குடத்தையும் இனி நிறைகுடமாகக் கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தச் சொன்னார் மற்றொருவர். இரக்கத்தோடு சொன்னார், ஆயினும் ஏற்கவில்லை. வெறுங்குடத்தை விதியில் ஏற்றிவிட்டால் வறண்ட ஆற்றையும் அதனோடு ஏற்றியவர்கள் ஆவோம். விதியை ஓர் எழுத்தும் குறைக்கமாட்டோம். நீர் அவையில் எவ்வளவு கண்டிப்பாக அதை நடத்தினீரோ, அவ்வளவு கண்டிப்பாகவே நாமும் நடத்துவோம்.

ஆகவே நம் ஆணையைக் கேளும். பன்னிரு துறையாரும் தத்தம் துறையில் மொண்ட தண்ணீரை ஊற்றிப் பேசினாலன்றி அவை நிறைவு பெறாது. அவை நிறைவு பெறாமல் பட்டயம் இல்லை. பட்டயம் இல்லாமல் சித்திரை நிறைமதிக்குப் பின் உம் சக்கரம் ஒரு சுற்றும் சுழலலாகாது. அவர்கள் மொள்ளுவதற்கு ஆற்றில் தண்ணீர் வர வேண்டுமாதலால், இவ்வோலை படிக்கப்பட்ட அன்றே மலைக்கால்வாயின் வாயை அடைத்து, ஆற்றுமுக மதகுகள் யாவற்றையும் திறக்கச் செய்யும். ஒரு மதகை மட்டும் அரைக்கதவு திறந்துவிட்டுக் கண்துடைப்புச் செய்ய எண்ண வேண்டாம். வருடக்கணக்காய்க் காய்ந்த மணல் அதைப் பாதி வழியிலேயே குடித்துவிடும். நம் நீரூற்று நிற்கும், நிற்கட்டும். உலைகள் சில நாள் ஆறியிருக்கும், இருக்கட்டும்.

கருத்துக் கேட்கும் அவை மீண்டும் கூடும். இம்முறை உம் பந்தலின் நிழலில் கூடாது. கடைத்துறை மணலில் கூடும். கல்தொட்டியை அங்கே கொண்டுபோவது சக்கரக் குழுவின் வேலை. முரசு உலைப்பட்டினத்துக் கடைத்தெருவில் மட்டும் அல்லாமல் பன்னிரு துறையிலும் அறையப்படட்டும். வலைஞர், உழவர், உப்பளத்தார், கால்நடை மேய்ப்போர், உம் உலையில் வேலை செய்வோர் என ஆற்றைக் குடிக்கும் எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், வந்து பேசலாம். சக்கரம் வேண்டும் என்பவரும் பேசலாம். அவர்கள் பேச்சையும் முழுதாகக் கேட்போம். புன்னைத்துறையார் விட்ட இடத்திலிருந்து முதலில் பேசுவார். நாமும் வருவோம். கேட்டு முடித்த பின்பே புதுப்பட்டயத்தின் வரிகள் எழுதப்படும்.

இவ்வோலையைக் கொண்டுவருபவர் காரி நங்கையே. அவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. எனவே அவையைக் கூட்டி, அவரை நடுவில் அமர்த்தி, நீரே உம் வாயால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்கப் படித்துக் காட்டும். உம்மைக் குறித்த இடங்களை விழுங்கிவிட வேண்டாம். நாம் முன்பே ஒருமுறை படித்துக் காட்டியிருக்கிறோம். அவர் நினைவு கெட்டியானது.

மதகுகள் திறப்பதை அவர் அணைமேல் நின்று பார்ப்பார். பார்த்தபின் ஆற்றங்கரையோடு நடந்து ஊருக்குப் போவார். பல்லக்கும் குதிரையும் தருகிறோம் என்றோம். ஆறு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார்.

தாழைமடல் பொறித்த நம் மோதிரத்தை அரக்கில் அழுத்தி, முதலமைச்சர் சான்றாக, இவ்வோலையை விடுத்தோம். இதன்படி ஒழுகுவோர் வாழ்க. துறைகள் தோறும் ஈரம் நிலைக்க. காரி நங்கை கடைத்துறையை அடைவதற்கு முன் தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவர் முந்திப் போய் வறண்ட மணலில் கால் வைப்பாராயின், அந்தக் கணம் முதல் நீர் அணைநாயகம் அல்லீர்.