இன்னும் ஒருவர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் எங்கள் பொழுது விடிகிறது. எங்களுக்கும் குறை ஒன்றுமில்லை, நான் கல்லூரிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருப்பதைத் தவிர. பயப்படாதே, விரல் அசைகிறது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், அதனால் இந்த முறை கையெழுத்து உனக்குப் புரியும். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். மருந்து தடவச் சொன்னால், வலிக்கும் வயசாயிடுச்சு, தானா போயிடும் என்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடு. போனில் "சாப்ட்டேம்மா" என்று நீ இழுக்கிற இழுப்பிலேயே சாப்பிடவில்லை என்று தெரிந்துவிடுகிறது.

போனில் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன், அதில் சொன்னால் குரல் உடைந்துவிடும். என் வகுப்பில் ஒரு பெண் இறந்துவிட்டாள். காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்காருவாள். அவள் குரலை நான் கேட்டதே இல்லை, வருகைப்பதிவுக்குக்கூட கையைத்தான் தூக்குவாள்.

நீ செய்துகொடுத்த கேள்வித் திரை நினைவிருக்கிறதல்லவா? மின்சுற்றுப் பாடத்தில் நான் கேள்வி போட, பிள்ளைகள் செல்போனில் பதிலை அழுத்துவார்கள். எந்தப் பதிலுக்கு எத்தனை பேர் என்று மட்டும் வரும், யார் என்று எனக்கே தெரியாது. எல்லாரும் அழுத்தினால்தான் அடுத்த கேள்வி திறக்க வேண்டும், ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று உன்னிடம் பிடிவாதம் பிடித்தவள் நான்தான். நாலு பதிலுக்கும் கீழே 'புரியவில்லை' என்று ஐந்தாவது பட்டன் கேட்டது ஏன் என்றும் உனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை எழுந்து நின்று சொல்ல முடியாமல்தானே நம் வீட்டுப் பெண் பள்ளிக்கூடத்தையே விட்டாள். இந்த இடத்தில் இவள் பேனா நின்றுவிட்டது. உண்மைதானே, எழுதுடி என்றேன்.

அந்தப் பட்டனை என் வகுப்பில் ஒரே ஒருவர்தான் அழுத்துவது வழக்கம். எந்தக் கேள்வி போட்டாலும் புரியவில்லை, ஒன்று. பிள்ளைகள் அதற்கு 'ஒத்தை ஓட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். வந்ததும் "எதிர்க்கட்சி வந்தாச்சுப்பா" என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டு முதலிலிருந்து சொல்லித்தருவேன். சிரித்தவர்களே அப்போது தலையைக் குனிந்து வேகவேகமாக எழுதிக்கொள்வார்கள்.

அவள் போனபிறகு நடந்த முதல் வகுப்பில் கேள்வி போட்டேன். மற்ற எல்லாரும் வந்திருந்தார்கள், எல்லாரும் அழுத்தினார்கள். 'புரியவில்லை'யில் ஒன்றுகூட விழவில்லை. திரை நகரவில்லை. 'இன்னும் ஒருவர்' என்று காத்துக்கொண்டே இருந்தது. முன்வரிசை வாயாடி ஒருவன் பழக்கதோஷத்தில், "ஒத்தை ஓட்டு இன்னும் வரலையா மேடம்" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் திரையை அணைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து கரும்பலகைதான். இப்போது இடது கையால் கோழி கிளறின மாதிரி எழுதுகிறேன். புரிஞ்சுதா என்றால் "புரிஞ்சுது மேடம்" என்று ஒரே குரலாகச் சொல்கிறார்கள். தேர்வுத் தாளைத் திருத்தினால் பாதிப் பேருக்கு ஒன்றுமே புரிந்திருக்கவில்லை. அத்தனை பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்தி அழுத்தியிருக்கிறாள்.

ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது, திரை வேண்டும். அவள் பெயரை நீ எடுத்தால்தான் அது ஓடும். எடுடா என்று சொல்ல இத்தனை நாளாக எனக்கு வாய் வரவில்லை. நேற்று உன் தங்கையிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் மெதுவாக, "பேரை எடுக்கச் சொல்லும்மா, இடத்தை எடுக்கச் சொல்லாத. நான் வந்து கடைசி வரிசையில உக்காந்துக்கறேன். பேச மாட்டேன், அழுத்துவேன்" என்றாள். வீட்டை விட்டு வெளியே வருகிறேன் என்று அவள் சொல்ல மாட்டாளா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். ஆனாலும் இன்னொருத்தி பெற்ற பெண் இருந்த இடமாயிற்றே. நேற்று நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பெயரை எடுத்துவிடு. இடம் இருக்கட்டும், அழுத்துகிறவள் வந்து அழுத்தட்டும். அதில் வேறு பெயர் எதையும் போடாதே.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. வேலையில் ஏதாவது புரியாவிட்டால் வாயைத் திறந்து கேள், யார் சிரித்தாலும் கேள்.

என்றும் உன்
அம்மா
(சொல்லக் கேட்டு எழுதியது தங்கை)